பல் டாக்டரிடம் இருந்த தையல் மிஷின்

வேலை செய்யும் இடத்தில் அவரை எல்லோரும் ரிட்டர்ன் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் ஒரு பெரிய கடையின் கிடங்கில், வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போகும் சாமான்களைச் சோதிக்கும் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. சுற்றாத மின்விசிறி, சூடாகாத இஸ்திரிப் பெட்டி, யாரும் தொடாமலே சிரிக்கும் பொம்மை, இவைதான் அவருடைய அன்றாட சகவாசம். வாங்கிய மிக்ஸி நன்றாக ஓடுகிறது என்று சொல்ல அந்தக் கதவைத் தட்டி இதுவரை ஒருவரும் வந்ததில்லை. வருடக்கணக்கில் அப்படி ஓர் அறையில் உட்கார்ந்திருந்தால் உலகத்தைப் பற்றி யாருக்கும் ஓர் அபிப்பிராயம் வந்துவிடும். அவருக்கு வந்த அபிப்பிராயம், விற்கிறவன் எதையோ மறைக்கிறான் என்பது. எதை மறைக்கிறான் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் கடவுள் தன்னைப் படைத்திருக்கிறார் என்பது அதோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொரு அபிப்பிராயம்.

இதனால் அவர் வீட்டுக்குள் ஒரு பொருள் வந்து சேருவது லேசுப்பட்ட காரியமில்லை. குடை வாங்க அவர் ஆராய்ந்து முடித்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. அடுத்த மழை வருவதற்குள் அந்தக் கடையையே மூடிவிட்டார்கள்.

"பாத்தியா, நல்லவேளை வாங்கலை" என்றார் மனைவியிடம், தலையைத் துவட்டிக்கொண்டே.

அந்த மனைவிக்குத்தான் ஒரு தையல் மிஷின் தேவைப்பட்டது. பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, ஜன்னல் திரை தைப்பது என்று அக்கம்பக்கத்தில் அவளுக்கு நிறைய வேலை இருந்தது. மிஷின்தான் இல்லை. அடுத்த தெருவில் இருந்த நாத்தனார் வீட்டு மிஷினில் போய்த்தான் தைக்க வேண்டும். நாத்தனார் என்றால் ரிட்டர்ன் சாரின் அக்கா. தம்பி பெண் பார்த்துக்கொண்டே இருந்தபோது குறுக்கே புகுந்து, "இவதான், போதும்" என்று கல்யாணத்தை முடித்து வைத்தவர். அந்த ஒரு உபகாரத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருடமாக இரண்டு குடும்பங்களையும் ஆண்டு வருகிறார்.

"வாம்மா, மிஷின் எங்கேயும் ஓடிப் போயிடாது. முதல்ல அந்தத் துணியெல்லாம் மடிச்சு வெச்சுடு" என்பார், கதவைத் திறக்கும்போதே. மடித்து முடித்ததும் தலையணை உறைகள் வரும். "உன் வேலையோட வேலையா இதையும் ஒரு ஓட்டு ஓட்டிடு." அதற்குப் பிறகுதான் மிஷினின் மூடியைக் கழற்ற அனுமதி. அதுவோ பிளாஸ்டிக் உடம்புக்காரி. ஜீன்ஸ் துணியைக் கண்டாலே முனகி நின்றுவிடும். நின்றால் நாத்தனார் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார். "நான் தைச்சப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

"வாடகைன்னு ஏதாவது வாங்கிக்கச் சொல்லேன்" என்று ரிட்டர்ன் சார் ஒருமுறை யோசனை சொன்னார்.

"வாங்க மாட்டாங்க" என்றாள் மனைவி. "வாங்கினா கணக்கு தீர்ந்துடுமே."

இப்படி இருக்கும்போதுதான் அவள் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொள்ள பல் டாக்டரிடம் போனாள். அங்கே நோயாளிகள் காத்திருக்கும் அறையின் மூலையில், பலகையின் ஓரத்தில் ஒரு மீன் தொட்டியைச் சுமந்துகொண்டு, கால் மிதி வைத்த பழைய இரும்புத் தையல் மிஷின் ஒன்று நின்றது. விற்பனைக்கு என்று அதன் மேல் ஒட்டியிருந்தார்கள். தொட்டிக்குப் புது மேசை வாங்கப்போவதால் டாக்டர் வீட்டாருக்கு இனி மிஷின் தேவையில்லை. பல் பிடுங்கிய கையோடு, வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு, அவள் அதை மிதித்துப் பார்த்தாள். பிறகு நேராக வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அங்கேதான் தப்பு செய்தாள்.

"பழைய மிஷின்ங்க. மிதிச்சா தண்ணி மாதிரி ஓடுது" என்றாள், வீங்கின கன்னத்தோடு.

"யாரு வெச்சிருந்தது?"

"டாக்டரோட மாமியார். அவங்க போனப்புறம் சும்மா கிடக்குதாம்."

"மாமியார் எதுல போனாங்க?"

"எதுல போனா என்னங்க? மிஷின் அடிச்சா செத்தாங்க?"

"கேட்டு வெச்சுக்கணும். விலை என்ன சொல்றாங்க?"

அவள் சொன்னாள். அவர் முகம் இருண்டது. அதிகமாகச் சொல்லியிருந்தால் கொள்ளை என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். இது அவ்வளவு குறைவாக இருந்தது.

"அப்போ அதுல ஏதோ இருக்கு" என்றார். "நீ அவசரப்படாதே. நான் பாத்து முடிவு பண்றேன்."

"சீக்கிரம் பண்ணுங்க. உங்க அக்கா வீட்டு வாசப்படியை இனிமே நான் மிதிக்கக் கூடாது. எனக்கு அது ஒண்ணுதான் வேணும்."

சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. கிடங்கிலிருந்து நேராகப் போனார். லவங்க எண்ணெய் வாசனை அடிக்கும் சின்ன கிளினிக். பேர் எழுதிக்கொள்ளும் மேசையில் டாக்டரின் மனைவி உட்கார்ந்திருந்தார். ரிட்டர்ன் சார் தன் பையிலிருந்து பூதக்கண்ணாடி, டார்ச் விளக்கு, நாலாக மடித்த ஜீன்ஸ் துண்டு எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்து, தரையில் மண்டியிட்டு மிஷினின் வயிற்றுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். காத்திருந்தவர்கள் வலியை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு டாக்டர் வெளியே வந்தார்.

"என்ன சார், சொத்தை ஏதாவது தெரியுதா?"

"கடைசியா எப்போ சர்வீஸ் பண்ணினீங்க?"

"நான் பல் டாக்டர் சார். எனக்கு இது மீன் தொட்டி வைக்கிற ஸ்டாண்டு." டாக்டர் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்க ஒரு பக்கமாவே வாயைத் திறக்கறீங்களே. இடது பக்கம் கீழ் பல் ஏதாவது தொல்லை பண்ணுதா?"

"பண்ணுது. ஆராய்ஞ்சிட்டிருக்கேன்."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமா."

டாக்டர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பெரிய மனிதர்.

ஜீன்ஸ் துண்டை வைத்து மிதித்துப் பார்த்ததில் நடுவே இரண்டு இடத்தில் தையல் விட்டிருந்தது. ரிட்டர்ன் சாருக்கு அப்பாடா என்றிருந்தது. ஒரு குறை கிடைத்துவிட்டால் அவருக்கு அன்றைக்கு நன்றாகப் பசிக்கும். வீட்டுக்கு வந்து, துண்டை மனைவியின் கண்ணெதிரே பிடித்துக் காட்டினார்.

"ஊசி மழுங்கியிருக்கும்ங்க. மாத்தினா சரியாயிடும்."

"அது நீ சொல்றது. ஊசியா, அடிநூல் ஷட்டிலா, உள்ளே தேய்மானமா, ஒவ்வொண்ணா பாக்கணும். அடுத்த வாரம் இன்னொரு தடவை போறேன்."

அடுத்த வாரம் போனார். இந்தத் தடவை கிடைத்தது பெல்ட். சக்கரத்துக்கும் மிதிக்கும் நடுவே ஓடும் தோல் பட்டை தளர்ந்து வழுக்கியது. மழையில் நனையாமல் வீடு திரும்பிய மனிதரைப் போல உற்சாகமாக வந்து சொன்னார். மனைவி பாத்திரம் கழுவிய ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"சரிங்க" என்றாள்.

வாக்குவாதம் இல்லை, முணுமுணுப்பு இல்லை. வெறும் சரிங்க. கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகாவது பெண்ணுக்கு நிதானம் வந்ததே என்று அவர் சந்தோஷப்பட்டார். இந்த மாதிரி நேரத்தில் சந்தோஷப்படுகிற ஆண்களை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அவருக்கு அந்தப் பயம் மட்டும் இல்லை. மற்ற எல்லாப் பயமும் இருந்தது.

மூன்றாவது முறை போனபோது மிஷின் மாறியிருந்தது. மாறியிருந்தது என்றால் அதே மிஷின்தான், ஆனால் ஆரோக்கியமாக இருந்தது. ஊசி புதிது. பட்டை இறுகியிருந்தது. மூட்டுகளில் எண்ணெய் பளபளத்தது. ஊசிக்குக் கீழே நீல நூலின் துணுக்குகள் கிடந்தன. பலகையிலிருந்த மீன் தொட்டி புது மேசைக்குக் குடிபோயிருந்தது. ஜன்னலில் பச்சை நிறத்தில் புதுத் திரைகள் தொங்கின. ரிட்டர்ன் சார் பூதக்கண்ணாடியோடு திரை வரைக்கும் போனார். ஓரத் தையலை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். குற்றம் சொல்ல ஒரு புள்ளி கிடைக்கவில்லை.

"யாரு தைச்சது இது?"

டாக்டர் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி மேசையில் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார்.

"இங்கேயே தைச்சதுதான் சார்" என்றார் டாக்டர், கூரையைப் பார்த்து.

ரிட்டர்ன் சாருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"டாக்டர் ரகசியமா தைக்கிறார்."

மனைவி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். புரை ஏறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றாள்.

"சிரிக்காதே. ஆம்பளை, அதுலயும் டாக்டர். வெளியே சொல்ல வெட்கப்படறார். ஆனா கை சும்மா இருக்குமா? ஈறு தைச்சுப் பழகின கை. திரையைப் பாக்கணும் நீ, அப்படி ஒரு தையல்."

"அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?"

"உன்னைச் சொல்றேன்னு நினைக்காதே. உனக்கே அப்படி வராது."

"அதுசரி" என்றாள் அவள்.

"இப்போ சிக்கல் என்னன்னா, மிஷின் மேல அவருக்குப் பாசம் வந்துடுச்சு. நாம ஆசையைக் காட்டினோம்னா கொடுக்க மாட்டார். ஆசையே இல்லாத மாதிரி நடிக்கணும்."

"எத்தனை நாளைக்குங்க?"

"அதையெல்லாம் அவசரப்பட்டுச் சொல்ல முடியாது."

"நிதானமாவே நடிங்க. எனக்கொண்ணும் அவசரமில்லை."

நடித்தார். சனிக்கிழமை தவறாமல் கிளினிக்குக்குப் போய், ஆசையே இல்லாத முகத்தோடு அரை மணி நேரம் மிஷினைச் சோதிப்பார். டாக்டரின் மனைவி அவருக்கென்று ஒரு ஸ்டூலே போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு வாரமும் மிஷின் இன்னும் நன்றாக ஓடியது. நாலு மடிப்பு ஜீன்ஸை வெண்ணெய் மாதிரி தைத்தது. குறையே இல்லாத ஒரு பொருளை அவர் தம் தொழில் வாழ்க்கையில் பார்த்தது கிடையாது. எனவே அதுதான் அதன் மிகப் பெரிய குறை என்று அவருக்குத் தோன்றியது.

இதற்கிடையில் அவருடைய பேண்ட்டின் ஓரத் தையல் பிரிந்து, காலடியில் தொங்க ஆரம்பித்திருந்தது. மனைவியிடம் காட்டினால், "தைக்க நேரமே இல்லைங்க, நாளைக்குப் பாக்கலாம்" என்றாள். கிடங்கில் ஸ்டேப்ளர் இருந்தது. நாலைந்து பின் அடித்துச் சமாளித்துக்கொண்டார். உட்கார்ந்து எழும்போதெல்லாம் ஒரு பின் கணுக்காலைக் கீறியது.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை அக்காவிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, உன் பொண்டாட்டிக்கு என் மேல என்ன கோபம்?"

"கோபமா? இல்லையேக்கா."

"அப்புறம் ஏன் இந்தப் பக்கமே தலைகாட்டலை? ரெண்டு மாசமாச்சு. துணியெல்லாம் மடிக்காம மலை மாதிரி கிடக்கு. தலையணை உறை தைக்க ஆளில்லை. மிஷின்ல தூசி படிஞ்சு போச்சு. நான் என்ன குறை வெச்சேன் அவளுக்கு?"

போனை வைத்துவிட்டு ரிட்டர்ன் சார் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். எதிரே மேசையில் ஒரு ரொட்டி சுடும் மிஷின் குப்புறக் கிடந்தது. இரண்டு மாதமாக அக்கா வீட்டுக்குப் போகவில்லை. அப்படியென்றால் தைக்கவே இல்லை. பேண்ட்டைத் தைத்துத் தரவில்லை. மிஷினைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள். எதற்கெடுத்தாலும் சரிங்க. எல்லாம் கூட்டிப் பார்த்தார். வந்த விடை ஒன்றுதான். தன் ஆராய்ச்சியைத் தாங்க முடியாமல் அவள் ஆசையையே விட்டுவிட்டாள். கேட்டது ஒரே ஒரு பொருள். அதையும் தானே கொன்றுவிட்டோம்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஆராயாமல் ஒரு முடிவெடுத்தார். மறுநாள் புதன்கிழமை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, டாக்டர் கேட்ட விலையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் அவளை மிஷின் முன்னால் நிறுத்தும்போது என்ன சொல்லலாம் என்று பேருந்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். பூதக்கண்ணாடிப் பையையும் எடுத்துக்கொண்டார். வேலை இருக்காது, இருந்தாலும் கைக்குப் பழகிவிட்டது.

சனிக்கிழமை நாலு பேர் இருக்கும் கிளினிக்கில் புதன்கிழமை நிற்க இடமில்லை. அவருக்கு முன்னால் கையில் ஒரு பையோடு ஓர் அம்மா நின்றிருந்தார். மேசையிலிருந்து டாக்டரின் மனைவி தலையைத் தூக்காமலே கேட்டார்.

"பல்லா, துணியா?"

"துணி."

"வலது பக்கம் உட்காருங்க."

வலது பக்கம் ரிட்டர்ன் சார் பார்த்தார். பச்சைத் திரைக்குப் பக்கத்தில், நல்ல வெளிச்சத்தில், மிஷின் முன்னால் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா. உதட்டில் இரண்டு குண்டூசி. எதிரே ஒருவர் மரத்துப்போன வாயைக் கோணலாக வைத்துக்கொண்டு, தன் கோட்டின் கை நீளத்தைப் பற்றி ஏதோ சொல்ல முயன்றுகொண்டிருந்தார்.

"புரியுதுங்க, குறைச்சுடறேன்" என்றாள் அவள். பிறகு கணவரைப் பார்த்தாள். மிதித்த கால் நிற்கவில்லை. குண்டூசிகளை எடுத்துத் துணியில் குத்தினாள். "இந்த ஓரத்தை முடிச்சுட்டு வர்றேன், இருங்க."

அவர் இருந்தார். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஓரம் முடிந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"மிஷின் வாங்கலாம்னு வந்தேன்" என்றார்.

"வாங்கியாச்சுங்க."

"எப்போ?"

"பெல்ட் வழுக்குதுன்னு வந்து சொன்னீங்களே, அதுக்கு மறுநாள். இவங்களுக்குத் திரை தைச்சுக் கொடுத்தேன், மிஷினை எடுத்துக்கன்னுட்டாங்க."

திரை. அவர் திரையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா இன்னும் வாங்கியிருக்க மாட்டேன்."

"அக்கா கேட்டாங்க, நீ ஏன் வர்றதில்லைன்னு. நான் என்னென்னவோ நினைச்சு..." மீதியை அவர் முடிக்கவில்லை. அவள் அவருடைய சட்டைப்பையின் புடைப்பைப் பார்த்தாள். ஒரு கணம் அவள் முகம் இளகியதைப் போலிருந்தது. உடனே அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்போ நான் வாராவாரம் வந்து பாத்தது?" என்று கேட்டுக் கெடுத்துக்கொண்டார்.

உள்ளறைக் கதவிலிருந்து டாக்டர் எட்டிப் பார்த்தார். "அது ரொம்ப உபயோகம் சார். நீங்க சோதிச்சுட்டுப் போனா எங்களுக்கு வாரம் பூரா தைரியமா இருக்கும்."

"நிஜமாத்தாங்க" என்றாள் மனைவி. "பெல்ட் வழுக்கறதே நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

இது பாராட்டா, கிண்டலா என்று அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பையிலிருந்த பூதக்கண்ணாடியால் ஆகிற காரியமாக அது தெரியவில்லை.

"சரி, ஆனது ஆச்சு" என்றார், குடும்பத் தலைவரின் குரலை எங்கிருந்தோ தேடிப் பிடித்து. "ஒரு வண்டி பிடிச்சு வீட்டுக்குக் கொண்டு போயிடலாம். சொந்த மிஷினை ஊரார் வீட்டுல எதுக்கு வெச்சிருக்கணும்?"

"வேண்டாங்க. இங்கேயே இருக்கட்டும். இங்க பேரம் பேசறதுக்கு யாருக்கும் வாய் வர்றதில்லை. அங்க கொண்டு போனா ரெண்டு பேர் வந்து நிப்பாங்க."

"யாரு ரெண்டு பேர்?"

"ஒண்ணு, உங்க அக்கா. தலையணை உறையோட."

"இன்னொண்ணு?"

அவள் அவர் கையிலிருந்த பையைப் பார்த்தாள். பிறகு திரும்பிப் போய் மிஷினில் உட்கார்ந்து அடுத்த துணியை விரித்தாள். சக்கரம் சுழன்றது. இனி எந்த வாசப்படியையும் மிதிக்க வேண்டியிராத கால் அந்த மிதியை மட்டும் ஒரே சீராக மிதித்தது.

ரிட்டர்ன் சார் நடு அறையில் நின்றார். இடது பக்கம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டவர்கள், வலது பக்கம் பை வைத்திருந்தவர்கள். அவருக்குப் பின்னால் வரிசை வாசல் வரைக்கும் போயிருந்தது. டாக்டரின் மனைவி இப்போது தலையைத் தூக்கினார்.

"சார், பல்லா, துணியா?"

கணுக்காலில் ஸ்டேப்ளர் பின் குத்தியது. இடது கீழ்த் தாடையில் பழைய வலி மெல்லத் தலையெடுத்தது. இரண்டுக்குமே இங்கே ஆள் இருந்தது. இரண்டு பக்கமும் இப்போதுதான் ஒவ்வொரு நாற்காலி காலியாகியிருந்தது.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

அவருக்குப் பின்னால் நின்றவர், "துணி" என்று சொல்லிவிட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு போய் வலது பக்க நாற்காலியில் உட்கார்ந்தார்.